தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு எட்டாத பார்வைக்குறை

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றிய காலத்தில், ஒரு குழந்தையின் பார்வைக்குறைக்குக் காரணத்தை மூளையில் தேடும் வழக்கம் மருத்துவத்தில் இன்னும் உருவாகவில்லை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த மேட்டுநிலம் இது. ஜே. ஏ. ரஸல் 1929இல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931இல் முடிந்தது. காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் வந்தவர்களில் தமிழரே மிகுதி. தொழிலாளர் குடியிருப்பான லயமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் அவர்களோடு எழுந்தன.

இவை முதலாளியின் தயவால் மட்டும் வந்தவை அல்ல. கேமரன் மலை சேர்ந்த பகாங்கும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பையும் மருத்துவத்தையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொகுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி என்பது பல தோட்டங்களில் மருத்துவ உதவியாளரான ஒரு டிரசர், சில கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி ஆகியவைதான். மருத்துவர் எப்போதாவது வந்து போவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம் ஆகியவற்றைத் தீர்த்து ஆளை மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அனுப்புவதே அந்த அமைப்பின் முதல் வேலை. பெரட்டில் நிற்காத கைக்குழந்தையின் பார்வையைச் சோதிக்க அதற்குக் கருவியும் இல்லை, காரணமும் இல்லை. டிரசர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. பல தலைமுறைகளை உயிரோடு காத்தவர்கள் அவர்கள். அவர்களைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் தனிச் சட்டமே 1965இல்தான் வந்தது.

மூளைக்கும் பார்வைக்குமுள்ள உறவை மருத்துவம் முதலில் போர்வீரர்களிடம் கற்றது. ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்டோரை ஆராய்ந்த தட்சுஜி இனோயி, மூளையின் பிடரிப் பக்கத்தில் எந்தப் பகுதி பார்வைப்புலத்தின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது என்பதை 1909இல் வெளியிட்டார். முதல் உலகப் போரின் காயங்களைக் கொண்டு கோர்டன் ஹோம்ஸ் அந்த வரைபடத்தைத் திருத்தினார். ‘இடப்பக்கம் தெரியவில்லை’ என்று வீரரால் சொல்ல முடிந்தது. பிறந்தது முதலே அப்படிப் பார்க்கும் குழந்தைக்குக் குறை என்று ஒன்றிருப்பதே தெரியாது. குழந்தைகளைப் பற்றிய அறிவு அரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பேசாத குழந்தையைச் சோதிக்கும் வழி 1958இல் திறந்தது. வெற்றுப் பரப்பைவிடக் கோலமிட்ட பரப்பையே கைக்குழந்தை அதிக நேரம் பார்க்கிறது என்று ராபர்ட் ஃபான்ட்ஸ் காட்டினார். அதை வைத்து டேவிடா டெல்லரின் கோடிட்ட அட்டைகள் 1980களில் வந்தன. அதே காலத்தில் கனடாவின் வான்கூவரில் ஜேம்ஸ் ஜான் குழுவினர் மூளை காரணமாகப் பார்வை குறைந்த குழந்தைகளின் நடத்தையை விவரித்தனர்: ஒரு நாள் பார்ப்பது மறுநாள் பார்க்காமல் போவது, விளக்கையே வெறிப்பது, பொருளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் எடுப்பது. முன்பு இதையெல்லாம் மந்தபுத்தி என்றும் பிடிவாதம் என்றும் பெரியவர்கள் எண்ணினர். கிளாஸ்கோவின் கோர்டன் டட்டன் பெற்றோரிடம் கேட்கும் கேள்விகளையே நோயறியும் கருவியாக்கினார். கூட்டத்தில் அம்மாவைக் கண்டுபிடிக்கிறதா? படியிறங்கத் தயங்குகிறதா? நிறைந்த பெட்டியில் விளையாட்டுப் பொருளைத் தவறவிடுகிறதா? கண் பரிசோதனை இந்தச் சிரமங்களை விளக்காதபோது, பிறப்பு வரலாறும் மூளைப் படமும் இந்தப் பதில்களும் சேர்ந்தே முடிவைத் தருகின்றன. படம் இயல்பாக இருந்தாலும் குறை இருக்கக்கூடும்.

இக்குறையின் காரணங்களில் முதன்மையானவை பிரசவ மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் இரத்தச் சர்க்கரை தாழ்வது, மூளைக்காய்ச்சல் ஆகியவை. தாழ்நிலத் தோட்டங்களை வாட்டிய மலேரியா மூளையைத் தாக்கினால் அதுவும் பார்வையைப் பறிக்கும். பிழைத்த குழந்தைகளில் பலருக்குப் பார்வை மெல்லத் திரும்பும். கேமரன் மலையின் குளிர் மலேரியாவுக்குத் தடையாக இருந்தது. கடினமான பிரசவத்துக்கு அது தடையாகவில்லை. நிர்வாகத்தால் பகாங்கைச் சேர்ந்த மலையானாலும், நீண்ட காலம் நோயாளியை இறக்கிய ஒரே சாலை பேராக்கின் தாப்பாவுக்குத்தான் போனது. சிம்பாங் பூலாய் சாலை 2000களின் தொடக்கத்தில் வந்த பிறகே ஈப்போ நேராக எட்டியது.

இன்று தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, ரிங்லெட் பக்கம் நகர்ந்துவிட்டன. பிள்ளைகள் அரசு கிளினிக்குக்கே போகின்றனர். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறையுள்ள பிள்ளைகளுக்கு உரிமை தருகிறது. ஆனால் பார்வைப் பிரிவில் பதியும் அளவுகோல் எழுத்துப் பலகையும் பார்வைப்புலமுமே: நல்ல கண்ணில் 6/18க்குக் கீழே போனால் குறைபார்வை, 3/60க்குக் கீழே போனால் பார்வையின்மை. பலகையைத் தெளிவாக வாசித்துவிட்டு, நெரிசலான வகுப்பறையில் தன் புத்தகத்தைத் தேடித் தவிக்கும் பிள்ளை இந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. அளவுகோல் திருத்தப்பட வேண்டும். அதுவரை, பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டும் பெற்றோர், கண்ணின் நிலையோடு பிரசவத்தில் நடந்ததையும் வீட்டில் பிள்ளை எதைத் தவறவிடுகிறது என்பதையும் தவறாமல் சொல்ல வேண்டும்.