வைகை அணையின் 71
சாஃப்ட்வேர் லைப்ரரியில் உள்ளே இருக்கிறதை மாத்திட்டு, வெர்ஷன் நம்பரைப் பழசாவே விட்டா, அதை நம்பி ஆப் எழுதினவங்க மாட்டிக்குவாங்க. இதைக் கேட்டா எனக்கு வைகை அணைதான் ஞாபகம் வரும்.

1959-ல் திறந்தப்போ முழு நீர்மட்டம் 71 அடி. இன்னைக்கும் 71 அடிதான். ஆனா இத்தனை வருஷமா அடியில் வண்டல் படிஞ்சிருக்கு. அதே 71 அடியில் இப்ப நிக்கிற தண்ணி குறைவு.

வெள்ளத்துக்கு அந்த அளவு சரிதான்: 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூணாவது. பாசனம் வேற கதை. ‘அணை நிரம்பிருச்சு’ன்னு கேட்டு நாத்து விடுற விவசாயிக்கு வேண்டியது அடி இல்ல, கன அடி. பழைய அட்டவணையை வெச்சுக் கணக்குப் போட்டா, இல்லாத தண்ணியையும் சேர்த்துப் பங்கு போடுவோம். 71-ஐ மாத்த வேண்டாம். பக்கத்துலயே கொள்ளளவையும் அதை அளந்த வருஷத்தையும் எழுதுங்க.