நினிவேயின் கற்களும் அவற்றின் பிரதிகளும்

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் வெளியான ஓர் அசைபடத்தை உலகம் திகைப்போடு கண்டது. வட ஈராக்கிலுள்ள மோசூல் நகரின் அருங்காட்சியகத்தில், ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னை அழைத்துக்கொண்ட படையினர், சம்மட்டிகளாலும் துளைக்கும் பொறிகளாலும் பழஞ்சிலைகளைத் தகர்த்தனர். நம் வேதம் இதெக்கேல் என்றழைக்கும் டைகிரிஸ் ஆற்றின் ஒரு கரையில் மோசூலும் எதிர்க்கரையில் நினிவேயின் மேடுகளும் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டைக் கற்பிப்பவனாகிய எனக்கு அது அயலார் வீட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

அன்று உடைபட்டவற்றுள் சில சாந்தினால் வார்க்கப்பட்ட பிரதிகளே என்பது பின்னர்த் தெரியவந்தது. 2003ஆம் ஆண்டுப் போரையொட்டி, எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் பல பாக்தாதுக்கு மாற்றப்பட்டிருந்தன. அசைக்கவியலாதவை அங்கேயே நின்றன. ஆதியாகமம் காலாகு என்று குறிப்பிடும் நிம்ரூதிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கம், சிறகுள்ள காளைகள், இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரியணைப் பீடம் ஆகியன அவற்றுட் சில. எழுத்துக்கள் நிறைந்திருந்த அப்பீடத்தை வெடிவைத்துச் சிதறடித்தனர். மண்டபத்தின் தளத்திலேயே பெருந்துளை விழுந்தது. இவ்வரசனுடைய மகன் மூன்றாம் சல்மனாசாரின் கல்வெட்டுக்களில்தான் ஆகாபின் பெயரும் யெகூவின் பெயரும் காணப்படுகின்றன.

அந்நாட்களில் நான் கேட்ட ஒரு பிரசங்கத்தில், நாகூம் தீர்க்கதரிசியின் வாக்கு நிறைவேறிற்று என்று மகிழ்ச்சியோடு கூறப்பட்டது. சபையாருள் சிலர் தலையசைத்தனர். இதை மறுத்தே ஆகவேண்டும். நினிவே விழுந்தது கி.மு. 612இல், பாபிலோனியராலும் மேதியராலும். காட்சிக்கூடத்துச் சிலையை உடைத்தவன் நாகூமின் ஊழியக்காரன் அல்லன். மேலும், ஒடுக்கியவனுடைய சொல் அழிந்துபோனால் ஒடுக்கப்பட்டவனுடைய சாட்சியை எதனோடு ஒத்துப்பார்ப்பது? 1830இல் நினிவேயின் நெபி யூனுஸ் மேட்டில் கிடைத்த ஆறுபக்கக் களிமண் பட்டகம் சனகெரிபின் படையெடுப்பை அவனுடைய வாய்மொழியாகவே கூறுகின்றது. யூதாவின் அரணான பட்டணங்கள் 46ஐப் பிடித்ததாகவும் எசேக்கியாவிடம் திறை கொண்டதாகவும் பெருமை பேசும் அவன், எருசலேமைப் பிடித்ததாக மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை வாசிக்கும் மாணவனுக்கு, பகைவனுடைய இந்த மௌனம் பல விளக்கவுரைகளிலும் மேலானது. அம்மேட்டின்மேல் யோனாவின் கல்லறை இருப்பதாக மரபு போற்றிவந்த பள்ளிவாசலும் 2014 ஜூலையில் வெடிவைத்து அழிக்கப்பட்டது.

அழியக்கூடியதைப் படியெடுத்து வைக்கும் முயற்சி கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1840களில் லேயார்டு நினிவேயைத் தோண்டியபோது, கொண்டுசெல்லவியலாத புடைப்புச் சிற்பங்களைத் தாளில் வரைந்துகொண்டார். அச்சிற்பங்களுள் பல பிற்காலத்தில் மறைந்தன. லண்டனிலுள்ள அவ்வரைபடங்களே அவற்றுக்கு எஞ்சிய சாட்சி. இதனினும் துயரமானது 1855இல் நேர்ந்தது. ஏசாயா 20ஆம் அதிகாரத்தில் பெயர் குறிக்கப்படும் சர்கோனின் தலைநகரைக் கொர்சாபாத்தில் அகழ்ந்த பிரெஞ்சுக்காரர், தாம் கண்டெடுத்தவற்றை ஆற்று வழியே பாரிசுக்கு அனுப்பினர். தென்பகுதியில் குர்னாவுக்கு அருகே கொள்ளையர் தாக்கினர். 200க்கு மேற்பட்ட பெட்டிகள் நீரில் மூழ்கின. ஆனால் அகழாய்வுத் தலைவர் விக்டர் பிளாஸ், ஓவியர் பெலிக்ஸ் தோமாவைக் கொண்டு படங்கள் வரையச் செய்திருந்தார்; கப்ரியேல் திரான்ஷான் என்பவர் ஒளிப்படங்களும் எடுத்திருந்தார். ஒளிப்படக் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட நிரம்பாத காலம் அது. கல் ஆற்றின் அடியில் கிடக்க, அதன் சாயல் இன்றும் மாணவர் கையில் இருக்கின்றது.

லண்டனுக்குப் போனவை தப்பின, மோசூலில் நின்றவை அழிந்தன, ஆகவே மேலைநாட்டார் கொண்டுபோனதே நன்று என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை நான் ஏற்பதில்லை. 1941 மே மாதத்தில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின்மேலும் தீக்குண்டுகள் விழுந்தன. போர் எட்டாத நகரம் என்று ஒன்று இல்லை.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாக்தாத் வீழ்ந்த நாட்களில், ஈராக் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவு போயின. வேதத்தின் ஏரேக்காகிய வர்க்காவில் கிடைத்த, 5,000 ஆண்டுப் பழமையுடைய புடைப்புச் சிற்பக் கலசம் இரண்டு மாதங்களில் துண்டுகளாகத் திரும்பி வந்தது. பாடநூல்கள்தோறும் அதன் படம் இருந்தது. எந்த வணிகன் அதை மறைவாக விற்கத் துணிவான்? நிலவறையிலிருந்து போன ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகளுக்கு அத்தகைய புகழ் இல்லை. விரலளவான அக்கற்கள் சட்டைப்பையில் அடங்குபவை. படமும் பதிவும் இல்லாத பொருள் சந்தைக்கு வந்தால், அது இன்ன இடத்துப் பொருள் என்று நிறுவுவது அரிது.

இவ்விடத்தில் கிறிஸ்தவராகிய நாம் வெட்கத்தோடு நினைக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கில்காமேஷ் காப்பியத்தின் கனவுப் பகுதியைத் தாங்கிய களிமண் ஏடு ஒன்றை, 2014இல் ஹாபி லாபி என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் ஏறத்தாழ 17 இலட்சம் டாலருக்கு வாங்கி, வாஷிங்டனிலுள்ள வேதாகம அருங்காட்சியகத்தில் வைத்தது. அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காட்டப்பட்ட கடிதம் பொய்யானது. 2019இல் அமெரிக்க அரசு ஏட்டைக் கைப்பற்றி, 2021இல் ஈராக்கிடம் ஒப்படைத்தது. வேதத்தின்மீதுள்ள ஆர்வமே கள்ளச் சந்தைக்கு விலை ஏற்றிக் கொடுத்தது.

மோசூல் அழிவுக்குப் பின், 2015 மார்ச் மாதத்தில், ஐரோப்பாவிலிருந்த மாத்யூ வின்சென்ட், சான்ஸ் காஃப்னௌர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். அந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்த எவரிடமேனும் படங்கள் இருந்தால் அனுப்புக என்பதே அது. ஒரே பொருளைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் கிடைத்தால், அவை அனைத்திலும் காணப்படும் பொதுப் புள்ளிகளைக் கணிப்பொறி இனங்கண்டு, ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எங்கே நின்றது என்று கணக்கிடும். அப்புள்ளிகள் இலட்சக்கணக்கில் சேரும்போது உருவம் எழுகின்றது. இம்முறையில் மீண்ட நிம்ரூத் சிங்கத்தின் வடிவம் முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்டு, 2019இல் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் பார்வையாளர் எவரும் சிலையின் பின்புறத்தைப் படம் எடுப்பதில்லை; அளவுகோலை அருகில் வைப்பதுமில்லை. உளியின் தடமும் கல்லின் இயல்பும் அப்பிரதியில் தேடினாலும் கிடையா. அழிந்தபின் திரட்டிய சாயலுக்கும் அழியுமுன் முறையாக எடுத்த பதிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முறையாக எடுத்தவரும் மோசூலிலேயே இருந்தார். டொமினிக்கன் துறவியான நஜீப் மிக்கயேல் 1990இல் கீழைச் சபைகளின் கையெழுத்துச் சுவடிகளைப் படியெடுக்கும் மையம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது ஈராக்கின் ஆலயங்களிலும் மடங்களிலும் அரமேயத்தின் கிளையாகிய சீரிய மொழியில் எழுதிய ஏடுகள் பெட்டிகளுக்குள் கிடந்தன. மலபாரின் சீரியக் கிறிஸ்தவர்களுக்கு நூற்றாண்டுகளாகப் பேராயர்களை அனுப்பிய சபையின் ஏடுகளும் அவற்றுள் உண்டு. அவர் ஊர் ஊராகச் சென்று ஏடு ஏடாகப் படமெடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள பெனடிக்டின் துறவியரின் ஹில் நூலகம் உதவிற்று. 8,000க்கும் மேற்பட்ட சுவடிகள் பதிவாயின. மோசூலில் கிறிஸ்தவர் உயிருக்கு அச்சம் மிகுந்தபோது, 2007இல் தொகுப்பைக் கரகோஷ் நகருக்கு மாற்றினார். 2014 ஆகஸ்டில் பகைவர் அங்கும் நெருங்கியபோது, ஓடிக்கொண்டிருந்த மக்களோடு மக்களாக ஏடுகளை எர்பிலுக்குக் கொண்டுசேர்த்தார். அங்கே ஏதிலியராய் வந்த இளைஞருக்கு இத்தொழிலைக் கற்பித்துப் பணியைத் தொடர்ந்தார். 2019இல் அவர் மோசூலின் கல்தேயப் பேராயரானார்.

கரகோஷுக்கு அருகேயுள்ள மார் பெஹ்னாம் மடத்தின் சுவடிகளும் இவ்வாறு முன்னரே படமெடுக்கப்பட்டிருந்தன. 2014 ஜூலையில் துறவியர் வெறுங்கையோடு துரத்தப்பட்டனர். பகைவர் மடத்தைப் பிடித்து, புனிதரின் கல்லறையை 2015 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தனர். மூலச்சுவடிகளும் அழிந்தன என்றே பலர் எண்ணினர். 2016 நவம்பரில் மடம் மீட்கப்பட்டபோது சுவர் ஒன்றை இடித்துப் பார்த்தார்கள். துரத்தப்படுவதற்கு முன்னரே குரு ஒருவர் இரும்புப் பீப்பாய்களில் நிரப்பி உள்ளே வைத்துப் பூசி மறைத்திருந்த நூற்றுக்கணக்கான ஏடுகள் அங்கே இருந்தன.