கோலி சோடாவும் கரைஞ்சு போன லேபிளும்

போன பொங்கலுக்கு சூலூர் போயிருந்தப்ப அட்டாலிய சுத்தம் பண்ற வேலை என் தலைல விழுந்துச்சு. (பெங்களூர்ல பொட்டி தட்டுறவன் ஊருக்கு வந்தா இதுக்குத்தான் லாயக்கு!) பழைய சாக்குக்குள்ள ரெண்டு கோலி சோடா பாட்டில், கூடவே ஒரு கலர் பாட்டில். கலர்னா நம்ம ஊரு கூல்டிரிங்க்ஸ் தானுங்க. அதுல காகித லேபிள் அழுக்கேறிப் போய் ஒட்டியிருந்துச்சு. எல்லாம் அப்பாரு திருச்சி ரோட்டுல பெட்டிக்கடை வெச்சிருந்த காலத்துது.

சரி, கொஞ்சம் வரலாறு.

கோலி சோடா நம்ம ஊரு கண்டுபிடிப்புன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். இல்லையாம். 1872-ல ஹிராம் காட்ங்கிற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கினது. பாட்டில தலைகீழா வெச்சு நிரப்புவாங்க. கோலி கழுத்துக்கு வந்துரும், உள்ள இருக்கற கேஸ் அத ரப்பர் வளையத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். மூடியே வேண்டாம்! கட்டை வெச்சு ஒரு அழுத்து, 'டப்'. குடிக்கும்போது கோலி வந்து வாய அடைக்காம இருக்கத்தான் கழுத்துல அந்தப் பள்ளம். கோலிக்காக பாட்டில ஒடைக்கிற பசங்க அங்கயும் இருந்தாங்களாம் :)

1892-ல அமெரிக்காவுல வில்லியம் பெயிண்டர் கிரவுன் மூடிய கொண்டு வந்ததும் மத்த நாடுகள்ல கோலி பாட்டில் மெல்ல ஒதுங்கிருச்சு. நம்ம ஊர்லயும், ராமுனேங்கற பேர்ல ஜப்பான்லயும் இன்னும் உசுரோட இருக்கு.

தமிழ்நாட்டுல 1916-ல விருதுநகர்ல பழனியப்ப நாடார் ஆரம்பிச்ச காளிமார்க் இன்னிக்கும் பொவண்டோ விக்குது. 1977-ல கோகோ கோலா இந்தியாவ விட்டுப் போச்சு, 1993-ல திரும்ப வந்துச்சு. அதுக்கப்புறம் சின்னச் சின்ன உள்ளூர் கலர் கம்பெனிங்க பல காணாமப் போயிருச்சு. அந்தப் பேரெல்லாம் எங்க இருக்கும்? கண்ணாடியிலயே பேரு பொறிச்சிருந்தா தப்பிச்சுது. காகிதத்துல இருந்தா, பாட்டில் திரும்பி வந்ததும் காஸ்டிக் சோடாவுல கழுவிருவாங்க, லேபிள் காலி. அதாவது டெபாசிட் காச வாங்காம விட்ட பாட்டில்ல மட்டும்தான் லேபிள் மிஞ்சும்.

அப்படி மிஞ்சின ஒண்ண நான் என்ன பண்ணேன்? பளிச்சுனு ஆக்கறேன்னு பக்கெட் தண்ணில ஊறப் போட்டேன். அரை மணி நேரத்துல லேபிள் கூழாயிருச்சு. பாட்டில்ல வேற எழுத்தே கெடையாது. எந்தக் கம்பெனின்னு கேக்கலாம்னா அப்பாரும் இல்ல. ஆத்தா வெறும் பாட்டில திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அது என்னமோ செவப்புக் கலருடா கண்ணு"ன்னுச்சு. அவ்ளோதான்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். லேபிள் இருந்தா தண்ணி ஆகாது. மெல்லிசு பிரஷ்ல தூசிய மட்டும் தட்டணும். செல்லோடேப், லேமினேஷன் ரெண்டும் வேண்டாம். வெயில் படாம, ஈரம் இல்லாத எடத்துல நிக்க வைக்கணும். பசையத் திங்க ராமபாணப் பூச்சி வரும், அடிக்கடி பாக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி நாலு பக்கமும் ஒரு போட்டோ. அத மட்டுமாவது நான் செஞ்சிருக்கலாம்.

உங்க வீட்டு அட்டாலியிலயும் ஒண்ணு இருக்கலாம். தேடிப் பாருங்க. தண்ணில மட்டும் போட்றாதீங்க சாமி!