டெபியன் திறவிக் குறைபாடு

டெபியன் திறவிக் குறைபாடு என்பது, டெபியன் லினக்சு இயங்குதளத்துடன் வழங்கப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில் 2006 செப்டம்பர் முதல் 2008 மே வரை இருந்த பிழையாகும். மூல நிரலை எவரும் படிக்கலாம் என்பதாலேயே ஒரு மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடுமா என்ற விவாதத்தில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

மறையாக்கத் திறவி என்பது பிறர் ஊகிக்க முடியாத ஒரு பேரெண். அதற்கு வேண்டிய சமவாய்ப்பு எண்களை, பல இடங்களிலிருந்து தரவைத் திரட்டிக் கலந்து ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குகிறது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டு என்னும் கருவி, இந்நிரலின் இரண்டு வரிகளைக் குறித்து எச்சரித்தது. டெபியனில் அதைப் பராமரித்த தன்னார்வலர், ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினரிடம் கேட்டார். பிழை தேட உதவுமானால் நீக்கலாம் என்ற போக்கில் பதில் கிடைத்தது. இரண்டையும் நீக்கினார். ஒன்றை நீக்கியதில் கேடில்லை. மற்றதோ, திரட்டிய தரவையெல்லாம் கலக்கும் வரி! சர்க்கரை குறைந்த பாயசம் அல்ல இது. பாலே ஊற்றாத பாயசம்.

மிஞ்சியது, இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் இடும் அடையாள எண் மட்டுமே. அதன் உச்ச அளவு 32,768. எனவே ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய திறவிகளும் ஏறத்தாழ அவ்வளவுதான். அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும் இதில் சிக்கியது.

நிரல் திறந்தே கிடந்தும் ஏறத்தாழ 20 மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. பின்னர் லூசியானோ பெல்லோ கண்டறிய, 2008 மே 13 அன்று திருத்தத்துடன் அறிவிப்பு வெளியானது. மென்பொருளைப் புதுப்பித்தது மட்டும் போதவில்லை. பழைய திறவிகளை விலக்கிப் புதியவற்றை உருவாக்க வேண்டியிருந்தது. ஆயினும் எந்த வரி, என்று, எதற்காக நீக்கப்பட்டது என்பதை எவரும் பதிவேடுகளில் பார்க்க முடிந்தது.

மூடி வைத்தவர்கள் மட்டும் தப்பினார்களா? இலண்டனிலும் நெதர்லாந்திலும் பயண அட்டைகளில் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சில்லின் மறையாக்க முறை, நிறுவன இரகசியமாகவே காக்கப்பட்டது. 2007 டிசம்பரில் ஆய்வாளர்கள் சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, அம்முறையைப் பெருமளவு வெளிக்கொணர்ந்தனர். 2008இல் ராட்பவுடு பல்கலைக்கழகத்தினரும் அதை உடைத்துக்காட்டினர். அவர்களின் கட்டுரையைத் தடுக்க என்எக்ஸ்பி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆர்னெம் நீதிமன்றம் சூலையில் மறுத்துவிட்டது. குறை சில்லுக்குள்ளேயே இருந்ததால், அதை முற்றிலும் நீக்க அட்டைகளையே மாற்ற வேண்டியிருந்தது.