தொட்டறியும் கடிகாரம்

தொட்டறியும் கடிகாரம் என்பது கண்ணால் பாராமல், விரலால் தடவியே நேரத்தை அறியும் வகையில் அமைந்த கடிகாரம் ஆகும். புடைத்த கோடுகள் கொண்ட அளவுகோல், அளவு நாடா போன்றவற்றுடன் பார்வையற்றோரின் அன்றாட அளவுக் கருவிகளுள் இதுவும் ஒன்று. எனினும் இது முதலில் பார்வையற்றோருக்காகச் செய்யப்பட்டதன்று.

தோற்றம்

சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே (1747–1823) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகைச் சட்டைப்பைக் கடிகாரத்தை உருவாக்கினார். மூடியின் வெளிப்புறத்தில் ஓர் அம்பு இருக்கும். விளிம்பைச் சுற்றி மணிகளைக் குறிக்கும் குமிழ்கள் இருக்கும். அம்பை விரலால் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கும். அது எந்தக் குமிழ்களுக்கு இடையில் நிற்கிறது என்று தடவிப் பார்த்து மணியையும் ஏறத்தாழ நிமிடத்தையும் கணிக்கலாம். இருட்டில் விளக்கேற்றாமலும், விருந்துகளில் பிறர் அறியாமலும் நேரம் பார்க்கவே செல்வந்தர்கள் இதை விரும்பினர். 1800இல் நெப்போலியனின் மனைவி ஜோசபின் வாங்கிய கடிகாரத்தில் குமிழ்களின் இடத்தில் வைரங்கள் இருந்தன. அதே பாரிசில் 1785 முதல் பார்வையற்ற சிறுவர்களுக்கென ஒரு பள்ளி இயங்கி வந்தது. அங்கு பயின்றவர்களுக்கு எட்டும் விலை அன்று அது.

எலன் கெல்லரின் கடிகாரம்

1892இல், 12 வயதுச் சிறுமியான எலன் கெல்லருக்கு இத்தகைய சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அளித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் நிறுவிய வோல்ட்டா நிலையத்தின் கண்காணிப்பாளரும் முன்னாள் தூதரக அதிகாரியுமான ஜான் ஹிட்ஸ். கண்ணும் காதும் இயங்காத ஒருவருக்கு மணியோசை எழுப்பும் கடிகாரமும் பயன்படாது; தொடுகை ஒன்றே வழி. 60 ஆண்டுகள் கழித்து, 1952இல், அதை அவர் நியூயார்க்கில் ஒரு வாடகைக் காரில் தவறவிட்டார். செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தும், நகர அடகுக்காரர்களின் தலைவர் உதவியுடனும் தேடியதில், ஓர் அடகுக் கடையிலிருந்து அது மீட்கப்பட்டது. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிரெயில் கடிகாரம்

கண்ணாடி மூடியைத் திறந்து, முள்ளையும் புடைத்த புள்ளிகளையும் நேரடியாகத் தொடும் வகை 20ஆம் நூற்றாண்டில் பரவியது. பிரெயில் கடிகாரம் என்று பெயர் பெற்றாலும் இதில் பிரெயில் எழுத்துகள் பெரும்பாலும் இருப்பதில்லை. வழக்கமாக 12க்கு மூன்று புள்ளி, 3, 6, 9க்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1915இல் லண்டனில் மறுவாழ்வு இல்லம் தொடங்கிய ஆர்தர் பியர்சன், அவர்களுக்கு முதலில் அளித்த பொருள் இதுவே. அவரும் பார்வை இழந்தவர். மருத்துவமனைப் படுக்கையில் இரவா பகலா என்றுகூடப் பிறரைக் கேட்டே அறிய வேண்டியவருக்கு அதன் அருமை தெரியும். இந்தியாவில் எச்.எம்.டி. நிறுவனம் இவ்வகைக் கைக்கடிகாரங்களைத் தயாரித்தது. அழுத்தித் தொட்டால் முள் நகர்ந்துவிடும், திறந்த மூடி வழியே தூசி புகும் என்பவை இதன் குறைகள்.

உருளும் குண்டுகள்

வகுப்பு நடக்கும்போது பேசும் கடிகாரத்தை ஒலிக்கவிட முடியாமல், பார்வையற்ற மாணவர் ஒருவர் பக்கத்திலிருந்த கிம் யுங்சூவிடம் நேரம் கேட்டதே அடுத்த மாற்றத்துக்குத் தொடக்கம். கிம் முதலில் பிரெயிலில் நேரம் காட்டும் மாதிரி ஒன்றைச் செய்தார். பார்வையற்றோரிடம் அதைக் காட்டியபோது, தங்களுள் பலருக்குப் பிரெயில் தெரியாது என்றனர். நிறமும் தோற்றமும் எப்படி இருக்கும் என்றும் கேட்டனர். தனி அடையாளமாகத் துருத்திக்கொண்டிருக்கும் கருவியை அவர்கள் விரும்பவில்லை. 2013இல் வெளிவந்த பிராட்லி கடிகாரத்தில் முள்ளே இல்லை. காந்தத்தால் இழுக்கப்படும் இரண்டு எஃகுக் குண்டுகளில் ஒன்று முகப்பில் நிமிடத்தையும், மற்றொன்று விளிம்பில் மணியையும் காட்டுகின்றன. விரல் பட்டுக் குண்டு விலகினாலும் கையை இலேசாக அசைத்தால் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஆப்கானிஸ்தானில் 2011 செப்டம்பர் 7 அன்று குண்டுவெடிப்பில் பார்வை இழந்து, சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் லண்டன் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிராட்லி ஸ்னைடரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.