கடலைமிட்டாய் ஏற்றுமதி, கோவில்பட்டி

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டாரத்தில் நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்யப்படும் கடலைமிட்டாய், 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. செய்பவர்களில் பெரும்பாலோர் சிறு தொழில்காரர்கள். கடல் கடக்க நினைக்கும் சிறு நிறுவனம் முதலில் எந்த நாட்டைப் பிடிக்கிறது என்பதை இத்தொழிலில் நன்றாகப் பார்க்கலாம்.

ஸ்வீடன் அறிஞர்கள் யான் யோஹான்சனும் யான்-எரிக் வால்னேயும் 1977இல் வெளியிட்ட ‘உப்சாலா மாதிரி’யின்படி, நிறுவனங்கள் பழகிய நாடுகளில் தொடங்கி, அனுபவம் சேரச் சேர அந்நிய நாடுகளுக்கு நகர்கின்றன. கடலைமிட்டாய்க்குப் பழகிய நாடு என்றால் தமிழர் வாழும் நாடு: இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா. பண்டம் இன்னதென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் மளிகைக் கடைகளே விற்பனைக்குப் போதும்.

தமிழர் வாழும் நாடுகளுக்கு அப்பால் இந்தக் கோட்பாடு அவ்வளவாக உதவுவதில்லை. அங்கே வழிமறிப்பது அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு. மானாவாரிக் கடலை முற்றும் பருவத்தில் மழை பொய்த்தால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். பறித்த காயைச் சரியாக உலர்த்தாவிட்டால் இன்னும் கூடும். உண்ணத் தயாரான நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் மொத்த அஃப்ளாடாக்சின் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அமெரிக்காவின் வரம்பு 20. ஆகவே இந்த ஒரு சோதனையில் தொலைவிலுள்ள அமெரிக்காவே எளிய சந்தை. ஆனால் அங்கே ஒவ்வாமை தரும் பொருளாக நிலக்கடலையை உறையில் குறிப்பிட 2004ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உற்பத்திக்கூடத்தையும் உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிய வேண்டும். நஞ்சின் அளவு வாங்கும் கடலையைப் பொறுத்தது என்பதால், எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்பது கடலை கொள்முதல் செய்யும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மிச்சம் உறையின் வேலை. ஈரம் புகுந்தால் மிட்டாய் நமுத்துவிடும். நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கப்பலில் பல வாரம் கிடக்கும் சரக்குக்குக் காற்றுப் புகாத உறை இல்லாமல் முடியாது.

புவிசார் குறியீட்டை ஏற்றுமதி உரிமம்போல் நினைப்பவர்கள் உண்டு. அது 1999ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி கிடைத்த உரிமை. இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டில் ‘கோவில்பட்டி’ என்ற பெயரைக் காக்க, அந்தந்த நாட்டுச் சட்டப்படி தனியே பாதுகாப்புப் பெற வேண்டும்.