'தேர்ச்சி': ஒரு பள்ளிச் சொல்லின் வரலாறு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைத்தலோ பள்ளியினின்று வெளியேற்றுதலோ கூடாது என விதித்தது. எட்டாம் வகுப்பு முடிய இது பொருந்தும். 2010 ஏப்ரல் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபின், இவ்விதி தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் பெற்றோர் பேச்சிலும் 'கட்டாயத் தேர்ச்சி' என்றும் 'ஆல் பாஸ்' என்றும் வழங்கியது. சட்டத்தில் இல்லாத ஒரு கருத்து இப்பெயர்களில் புகுந்துவிட்டது. குழந்தை எந்த வகுப்பில் அமரும் என்பதே சட்டம் கூறியது. குழந்தை கற்றதா என்பதைப் பெயர் கூறுகிறது. இவ்விரண்டும் ஒரே சொல்லுள் அடங்கியது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

'தேர்' என்னும் வினைக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்பன பொருள். தேர்வும் தேர்ச்சியும் இவ்வொரு வேரின் கிளைகளே. 'இசையில் தேர்ச்சி' என்னுமிடத்துப் புலமையையும், 'கணக்கில் தேர்ச்சி' என்னுமிடத்து உரிய மதிப்பெண்ணையும், 'ஏழாம் வகுப்புத் தேர்ச்சி' என்னுமிடத்து அடுத்த வகுப்புக்குச் செல்லும் தகுதியையும் இச்சொல் சுட்டுகிறது. கன்னடத்தின் 'தேர்கடெ' இதனோடு ஒப்பிடத்தக்கது. இந்தியும் தெலுங்கும் கரையேறுதலை உணர்த்தும் 'உத்தீர்ண' என்னும் வடசொல்லடியைக் கொண்டன. மலையாளமோ ஜயித்தல், தோற்றல் எனப் போர்க்களச் சொற்களையே பள்ளிக்கும் வழங்கியது. இலங்கைத் தமிழில் தேர்வில் வெல்லுதல் 'சித்தி' எனவும், மேல்வகுப்புக்கு அனுப்புதல் 'வகுப்பேற்றம்' எனவும் வேறுபடுத்தப்படுவது இவண் நோக்கத்தக்கது. மொழிக்கு இயலாத வேறுபாடு அன்று இது. தமிழ்நாட்டுப் பள்ளி வழக்கு விட்டுவிட்ட வேறுபாடு.

ஆண்டிறுதித் தேர்வே வகுப்பு மாற்றத்தை முடிவு செய்யும் முறை பழமையானதன்று. தாமஸ் மன்றோ 1822இல் சென்னை மாகாணப் பள்ளிகள் பற்றிய விவரங்களைக் கோரியபோது, பல்லாரி ஆட்சியர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை விரிவானது. நாட்டுப் பள்ளிகளில் மாணவர் பெரும்பாலும் நான்கு பிரிவினராய் இருந்தனர் என்றும், அவரவர் ஆற்றலுக்கும் முன்னேற்றத்துக்கும் ஏற்ப ஒரு பிரிவினின்று அடுத்ததற்கு உயர்ந்தனர் என்றும் அவர் எழுதினார். ஆண்டுக் கணக்கு அதில் இல்லை. ஆயினும் அப்பள்ளிகளைப் பொற்காலமாகக் கொள்வதும் பொருந்தாது. காலையில் முதலில் வந்த மாணவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்பட்டது. இரண்டாமவனுக்குப் புகழும் இகழும் இல்லை எனச் சுழி இடப்பட்டது. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வந்தோர்க்கு ஒவ்வொன்று கூடுதல். தரவரிசை அன்றும் இருந்தது. அது வருகைக்கு உரியதாக இருந்ததே தவிர வகுப்பேற்றத்தோடு பிணைக்கப்படவில்லை.

அப்பிணைப்பு பணத்தின் வழி வந்தது. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறையான, தேர்வு முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் முறை அப்பதிற்றாண்டிலேயே சென்னை மாகாணத்தையும் அடைந்தது. ஆய்வாளர் முன் மாணவன் படித்துக் காட்டினால் பள்ளிக்குத் தொகை கிடைக்கும், தவறினால் இல்லை. ஆகவே அக்காலத் தோல்வி பள்ளியின் தோல்வியாகவும் கணக்கிடப்பட்டது. அம்முறையின் கேடுகள் பல. மனப்பாடம் அவற்றுள் தலையாயது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் அதற்கு எதிராக நின்றது. மானியத் தொடர்பு அற்றபின்னும் தேர்வு நீடித்தது. எனின், தோல்வியின் பொறுப்பு மட்டும் முற்றிலும் குழந்தையின் தலையில் வந்து நின்றது.

1929இல் வெளியான ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை இதன் விளைவை எண்ணிக்காட்டியது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பேருக்கு 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் 18 பேர் மட்டுமே. படிப்பை முடிக்காது விலகுதலும் ஒரே வகுப்பில் தங்குதலும் அவ்வறிக்கையால் இரு கலைச்சொற்களைப் பெற்றன. தமிழ்க் கல்வியியல் நூல்கள் அவற்றை 'விரயம்', 'தேக்கம்' என்றன. தேங்குவது நீர், தேக்குவது அணை. 'தேக்கம்' என்னும் பெயர் இரண்டுக்கும் பொதுவாய் நின்று, தேக்கியவர் யார் என்னும் வினாவை எழவிடுவதில்லை.

எண்ணுக்குப் பதில் தரக்குறியீடு வழங்குக என முதலியார் குழு 1953இல் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அதனை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. 'வளரறி' என்பது வினைத்தொகையாக அமைந்த நல்ல ஆக்கம்; வளர்ந்துகொண்டிருப்பதை இடையிலேயே அறிதல் என்னும் கருத்தைச் செறிவாய் உணர்த்துகிறது. அதே ஆக்கத்திறன் வகுப்பேற்றத்துக்குக் காட்டப்படாமை வியப்பே.

இதனால் மறைந்தது சட்டத்தின் மறுபாதியாகும். 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பித்தலை ஆசிரியரின் கடமையாக்கியது. பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவித்தலும் அக்கடமையே. 'தேர்ச்சி' பெற்றதாகச் சொல்லப்பட்ட குழந்தையின் பெற்றோர் எதனைக் கேட்பர்? எழுத்துக்கூட்டிப் படிக்கவியலாத மகனும் தேர்ச்சி, நன்கு படிக்கும் மகளும் தேர்ச்சி என்னும்போது, கூடுதல் கற்பித்தல் தமக்குரிய உரிமை என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. அவர் கையொப்பமிடும் அட்டைக்கும் மக்கள் வழக்கில் 'ரேங்க் கார்டு' என்றே பெயர். முன்னேற்றம் என்னும் சொல் அலுவலகத்தாளோடு நின்றது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் ஆண்டிறுதியில் தேர்வு நடத்தவும், தவறியோர்க்கு இரு மாதத்துள் மறுதேர்வு வைக்கவும், அதிலும் தவறினால் நிறுத்தி வைக்கவும் அரசுகளுக்கு இடமளித்தது. அத்திருத்தமே, மறுதேர்வுக்கு முன் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அவ்விரு வகுப்புகளுக்கும் 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அவ்விடைக்கால விவாதத்தில் 'பொதுத்தேர்வு வேண்டுமா', 'கட்டாயத் தேர்ச்சி தொடருமா' என்னும் வினாக்களே மேலோங்கின. கூடுதல் கற்பித்தலுக்கு அவ்விவாதத்தில் பெயர் வாய்க்கவில்லை.